சீனியும் மிளகாயும் போட்ட கச்சான்

மலேசியத் தமிழர்களின் தீபாவளிப் பலகாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முறுக்கில் தொடங்கி அதிரசம், நெய்யுருண்டை, அச்சுமுறுக்கு என்று போய் முடித்துவிடுகிறார்கள். ஆனால் மேசையில் முதலில் காலியாவது கச்சான் போத்தல். சீனிப்பாகு பூசி, மிளகாய்த்தூளும் உப்பும் பிடித்து, கருவேப்பிலை நொறுங்கிக் கிடக்கும் அந்த நிலக்கடலையில் ஒரு கை அள்ளாமல் எழுந்து போன விருந்தாளியை நான் பார்த்ததில்லை. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முறுக்கும் அதிரசமும் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை. இந்தக் கச்சான் இங்கே, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில், வருகிறவர் முகம் பார்த்து உருவானது என்பது என் கட்சி.

நான் சுங்கை வேக்காரி. அரசாங்கத்துக்கு இந்த ஊர் செரி செத்தியா. கொமுட்டர் ரயில் நிலையத்திலும் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கிறது. எங்கள் வாய்க்கு இன்றும் சுங்கை வேதான் வருகிறது. இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கச்சான் கதை விளங்கும்.

1950-களில் எஃபிங்ஹாம் தோட்டத்து மரங்களை வெட்டிப் பெட்டாலிங் ஜெயாவைக் கட்ட ஆரம்பித்தபோது, இந்தப் பக்கம் இன்னும் பால்மரக் காடாக இருந்தது. சீபோர்ட் தோட்டம் இங்கேதான். தோட்டம் போய்விட்டது. தமிழ்ப்பள்ளி மட்டும் சீபோர்ட் பெயரை விடாமல் பெட்டாலிங் ஜெயாவில் நடக்கிறது. அவசரகாலத்தில், பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரத்துச் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமம் ஒன்றும் சுங்கை வேயில் எழுந்தது. 1965-இல் கின்னஸ் கம்பெனி இங்கே பீர் ஆலை திறந்தது. அயர்லாந்து, இங்கிலாந்துக்கு வெளியே அவர்கள் கட்டிய முதல் சில ஆலைகளில் அது ஒன்று. 1971-இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஆக, நடந்து போகிற தூரத்துக்குள் தமிழர் லயம், சீனர் புதுக்கிராமம், மலாய்க்காரர் கம்பம், மூன்று இனத்துப் பெண்களும் சேர்ந்து ஷிப்ட் பார்க்கும் தொழிற்சாலை எல்லாம் இருந்தன. கச்சான் போத்தலுக்கு இந்த அமைப்பு ரொம்ப முக்கியம். பின்னால் வருகிறேன்.

முதலில் கடலையைப் பார்ப்போம். நிலக்கடலை தென்னமெரிக்கச் செடி. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கோவாவில் கொண்டுவந்து வைத்த மரம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பிறகு வந்த கடலை எங்கள் செம்மண்ணையும் கரிசலையும் தன் வீடாக்கிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் விற்றது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. கொத்தாகக் காய்க்கும், பருப்பு சின்னது. ஏற்றுமதிக்குப் போனது போக மீந்ததை ஏழை வீட்டில் அவித்தார்கள், வறுத்தார்கள், வெல்லப்பாகில் போட்டு உருட்டினார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் கப்பலேறிய நம் ஆட்களுக்குக் கடலை அன்றாடத் தீனி. ‘ரஜூலா’ கப்பல் 1926-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை அந்தக் கடலில் ஓடியது. என் தாத்தாவும் அதில்தான் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள்.

இந்த நாட்டில் கடலை வியாபாரத்தைத் தமிழன் தொழிலாக்கியது ஈப்போவில். புந்தோங் பக்கம் ‘கம்போங் கச்சாங் பூத்தே’ என்று ஒரு குடியிருப்பே இருக்கிறது. 1940-களில் எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் சுங்கை பாரி ஆற்றுப் பக்கம் தங்கி, கடலையும் முறுக்கும் பட்டாணியும் போட்டு விற்க ஆரம்பித்தன. இந்திய அரசாங்கம் 1938-லேயே தோட்டங்களுக்கு உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக் கையை நம்பி வந்தவர்கள். எட்டயபுரம் என்றதும் நமக்குப் பாரதிதான் நினைவுக்கு வருவார். எனக்கு இந்தக் கடலைக்காரர்களும் வருகிறார்கள். அங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் கோவில்பட்டி. கரிசல் கடலையில் செய்யும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்த வட்டாரத்துக் கைப்பழக்கம் கடல் தாண்டிப் புந்தோங்கில் அடுப்பு மூட்டியது. இன்னொரு பொருத்தமும் உண்டு. புந்தோங்கை ஒட்டியதுதான் மெங்லெம்பு. அது சீனர்கள் ஓட்டோடு வறுக்கும் கடலைக்கு நாடு முழுக்கப் பேர்போன ஊர். ஒரே நகரத்தின் ஒரு பக்கம் சீனர் கடலை, மறுபக்கம் தமிழர் கடலை. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ்ந்தன.

புந்தோங் ஆட்கள் முதலில் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் விற்றார்கள், பிறகு மோட்டார் சைக்கிளில். சினிமாக் கொட்டகை வாசல், கோயில் திருவிழா, பள்ளிக்கூட கேட், இவைதான் அவர்கள் சந்தை. பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போய்விட்டுக் கச்சாங் பூத்தே பொட்டலம் இல்லாமல் வீடு திரும்பியவர்கள் குறைவு. சிங்கப்பூரிலும் இதே தொழிலைச் செய்தது தமிழ்நாட்டு ஆட்கள்தான். மரத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பழைய காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி விற்றார்கள்.

எங்கள் தோட்டத்துக்கு அப்படி ஒருவர் வருவார். எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் கடலைத் தாத்தா. சம்பள நாள் சாயங்காலம்தான் வரவு. சைக்கிள் கேரியரில் தகரப்பெட்டி, பெட்டிக்குள் தடுப்புத் தடுப்பாகக் கடலை, பட்டாணி, பருப்பு, ஓமப்பொடி, வெள்ளையாகச் சீனி பூத்த கச்சான். பத்து காசு கொடுத்தால் ‘தமிழ் நேசன்’ தாளைக் கிழித்துச் சுருட்டி, அடியை ஒரு மடக்கு மடக்கி, நிறையப் போட்டுத் தருவார். சுருளைப் பிரித்து அதில் உள்ளதைப் படித்துவிட்டுத்தான் அப்பா தாளைக் கீழே போடுவார். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றபோது, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கடலைச் சுருளில் கற்ற எத்தனையோ பேர் வருத்தப்பட்டிருப்பார்கள். நான் வருத்தப்பட்டேன்.

அந்தச் சீனி பூத்த கச்சானில் மிளகாய் கிடையாது. மிளகாய் போட்ட கடலை தனித் தடுப்பில் இருக்கும். அது ஆண்கள் வாங்குவது, கள்ளுக்கடைக்கு. தோட்டத்தில் இனிப்புக் கடலை பிள்ளைகளுக்கு, காரக் கடலை குடிக்கிறவர்களுக்கு என்று ஒரு பங்கீடு இருந்தது. பீர் ஆலை வந்த பிறகு கறுப்புப் பீர்ப் போத்தலோடு காரக் கடலை வைத்துக்கொள்வதும் வந்தது. விருந்தாளிக்குத் தட்டில் வைக்கிற கௌரவம் இரண்டுக்கும் இல்லை. அந்தக் காலத்தில் லயத்து வீட்டுக்கு யாராவது வந்தால் வெறும் காப்பி, கூட நான்கு பிஸ்கட். பெரிய நாள் என்றால் முறுக்கு. கடலை தெருவில் தின்கிற பொருள்.

அது வீட்டுக்குள் வந்து மேசை ஏறியது எங்கள் தலைமுறைப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போன பிறகு. நான் எழுபதுகளின் கடைசியில் பதினெட்டு வயதில் சேர்ந்தேன். விடிவதற்கு முன்னாலேயே ஃபேக்டரி பஸ் வாசலுக்கு வந்துவிடும். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நூலிழைக் கம்பிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. என் ஒரு பக்கம் கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண், மறுபக்கம் புதுக்கிராமத்துச் சீனப் பெண். நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டில் கூப்பிடுவாள், சீனப் புத்தாண்டுக்கு இவள் வீட்டில் ஆரஞ்சுப் பழம். தீபாவளிக்கு நாங்கள் கூப்பிட வேண்டாமா? இந்த நாட்டில் திறந்த இல்ல உபசரிப்பு என்று அமைச்சர்கள் மண்டபம் எடுத்து நடத்துகிறார்களே, அதன் உயிர் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்தது. ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து ஒரு பஸ்ஸே வந்து இறங்கும்.

அவர்களுக்கு என்ன வைப்பது? ஆட்டுக்கறி இருக்கும். ஆனால் முஸ்லிம் விருந்தாளி எங்கள் வீட்டுக் கறியைத் தொடத் தயங்குவார், அது அவர் நெறி. மாட்டுக்கறி எங்கள் வீட்டில் இல்லை. புரட்டாசி விரதம் இருந்து பழகிய பெரியவர் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருப்பார். சீனத் தோழிக்கு அதிரசம் எண்ணெயாகத் தெரியும், நெய்யுருண்டை தொண்டையில் அடைக்கும். ஆனால் கடலை எல்லார் வீட்டிலும் உண்டு. மலாய்க்காரர் சத்தேவுக்குக் கடலைக் குழம்பு வைக்கிறார்கள், நாசி லெமாக்கில் வறுத்த கடலையும் நெத்திலியும் வைக்கிறார்கள். சீனர் புத்தாண்டுக்குக் கடலை உடைத்துக்கொண்டே பேசுவார்கள். கறியில்லை, முட்டையில்லை, பாலில்லை. எந்த மதமும் எந்த விரதமும் அதைத் தள்ளிவைக்காது. இனிப்பும் காரமும் ஒரே பிடியில் இருந்தால் யாருக்கும் எதையும் தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் குடிகாரர்களுக்கும் என்று பிரிந்து கிடந்த இரண்டு தடுப்பையும் ஒரே குவாலிச் சட்டியில் கொட்டிக் கலந்தவர்கள் ஃபேக்டரிக்குப் போன பெண்கள் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் எங்கள் சமையலறைதான். எந்த ஆவணமும் இதை எழுதிவைக்கவில்லை. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் பால் எடை இருக்கும், காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு வராதவர் பெயர் இருக்கும். விருந்தாளிக்கு என்ன வைத்தோம் என்பது இருக்காது.

வெல்லம் ஏன் இல்லை என்று ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. கோவில்பட்டியில் வெல்லம்தானே? காரணம் இங்கே வீசுகிற காற்று. வெல்லம் ஈரத்தை இழுக்கும். கரிசல் காட்டு வெயிலில் அது தாங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தீபாவளி வருவதே அக்டோபர், நவம்பரில். இங்கே வருஷத்தில் மழை அடித்துக் கொட்டுகிற மாதங்கள் அவை. வெல்லம் போட்ட கடலை இரண்டு நாளில் பிசுபிசுத்து, மூன்றாம் நாள் கட்டியாகிவிடும். வெள்ளைச் சீனி காய்ந்து படிந்தால் அப்படியே நிற்கும். விலையும் ஒரு காரணம். 1964-இல் பிறையில் மலாயாச் சீனி ஆலை வேலை தொடங்கியது, இந்நாட்டின் முதல் சீனிச் சுத்திகரிப்பு ஆலை அது. சீனி அரசாங்கம் விலை கட்டிய பொருள். சீனக்கடையிலும் ஒரே விலை, தமிழன் கடையிலும் ஒரே விலை. வெல்லம் இந்தியாவிலிருந்து வர வேண்டும், அதையும் பொங்கலுக்குச் சேமிக்க வேண்டும். அம்மா கணக்குப் பார்த்துத்தான் சீனிக்கு மாறினார்.

இனி செய்முறை. இதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாக்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு இது மறந்துவருகிறது.

ஒரு கிலோ கடலை, தோலோடு, சின்னப் பருப்பாக. முறத்தில் பரப்பிப் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பச்சையாகப் பூசணம் பிடித்தது எதுவும் கூடாது. அம்மா ஒவ்வொன்றாகப் பார்ப்பார், “ஒண்ணு கசந்தா பூரா போத்தலும் கசக்கும்டி” என்பார். அவருக்குத் தெரியாத ஒரு காரணமும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூசணம் விட்ட நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. அம்மாவின் முறம் அந்த ஆராய்ச்சிக்கு முன்னாலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தது.

பொறுக்கிய கடலையைச் சூடேறாத எண்ணெயிலேயே போட்டு, அடுப்பை மெல்ல ஏற்ற வேண்டும். கொதிக்கிற எண்ணெயில் கொட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சை நிற்கும். முதலில் குமிழி அடர்ந்து எழும்பும். அது கடலைக்குள் இருக்கிற ஈரம் வெளியேறுகிற சத்தம். சத்தம் தணியத் தணிய ஈரம் தீர்கிறது. “அடுப்பத் தணிச்சு வை. கச்சான் பேச்ச நிறுத்தினதும் அள்ளிடு,” என்பார் அம்மா. நிறம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அள்ள வேண்டும், அள்ளிய பிறகும் தன் சூட்டில் வேகும். அகலமான தட்டில் காகிதம் விரித்துப் பரப்பி ஆறவிட வேண்டும். அதே எண்ணெயில் இரண்டு கை கருவேப்பிலை, தண்ணீர் துடைத்து.

பிறகு வேறு குவாலி. முந்நூறு கிராம் சீனி, அது நனைகிற அளவு தண்ணீர், ஒரு நெல்லிக்காயளவு புளியைக் கரைத்த தெளிவு, உப்பு. கம்பிப்பதம் வந்து குமிழி பெரிதாகிக் கனத்ததும் கடலையைப் போட்டு, நிறுத்தாமல் கிளற வேண்டும். இரண்டு நிமிஷத்தில் பாகு திடீரென்று மங்கி, ஆற்று மணல் ஒட்டியதுபோல் கடலை மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கே பயந்து அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடலைத் தாத்தாவின் வெள்ளைக் கச்சான் அதோடு முடிந்ததுதான். எங்கள் வீட்டுக் கச்சானுக்கு இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் அந்த வெள்ளை மறுபடி இளகி, பழுப்பாகப் பளபளக்கும். முழுதும் இளக விடக்கூடாது, பாதி மணலும் பாதி கண்ணாடியுமாக இருக்கும்போது அடுப்பை அணைத்து, அணைத்த பிறகே மிளகாய்த்தூளைத் தூவ வேண்டும். தீ மேல் தூவினால் தூள் கருகும், வீடே இருமும். மூன்று மேசைக்கரண்டி, மில்லில் கொடுத்து அரைத்த தூள். கருவேப்பிலையைச் சேர்த்து ஒரு புரட்டு. உடனே தட்டில் கொட்டி, இரண்டு முள்கரண்டியால் பிரித்துவிட வேண்டும், தாமதித்தால் பாறையாகும்.

புளித் தெளிவு எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பக்கத்துக் கம்பத்து மாக்சிக், மலாய் அத்தை ஒருவர், கற்றுக்கொடுத்தது. அவர் தம் வீட்டுக் காரக் கடலையில் புளியும், எலுமிச்சை இலையை நூலாக நறுக்கிப் பொரித்தும் போடுவார், நெத்திலியும் சேர்ப்பார். ஒரு பெருநாளைக்கு அவர் கொடுத்தனுப்பிய போத்தலை அம்மா திறந்து, இரண்டை வாயில் போட்டு, யாரிடமும் பேசாமல் மென்றுகொண்டிருந்தார். மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், உடைந்த மலாயில் கேட்டு, ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு வந்தார். அந்த வருஷத் தீபாவளிக்கு மாக்சிக் வந்து எங்கள் கச்சானைத் தின்று பார்த்து, “மானிஸ், பெடாஸ், சுக்குப்!” என்றார். இனிப்பும் காரமும் போதிய அளவு இருக்கிறது என்று அவர் சொன்னது அம்மாவுக்குப் பெரிய சான்றிதழ். புளி சேர்ந்த பிறகுதான் எங்கள் கச்சான் திகட்டாமல் நின்றது. சீனி கோவில்பட்டிப் பாகிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது, புளி மலாய்க்காரர் அடுப்பிலிருந்து வந்தது, மிளகாய் கள்ளுக்கடைத் தடுப்பிலிருந்து வந்தது.

இப்போது தீபாவளிச் சந்தையில் எல்லாம் கிடைக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கூடாரம் கூடாரமாகப் பலகாரம். 2010-இல் ‘லிட்டில் இந்தியா’ ஆகிவிட்ட பிரிக்ஃபீல்ட்ஸிலும் அப்படித்தான். முந்திரியில் செய்தது, பாதாமில் செய்தது, தேன் தடவியது என்று விலை ஏறிய வகைகளும் வந்துவிட்டன. நான் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், பல வீட்டுப் பெண்களுக்கு அது வருமானம். ஆனால் சந்தைக் கச்சானில் சீனி கூடுதல், புளி கிடையாது, பாகு ஒரே கட்டத்தில் நின்றுவிடுகிறது. புந்தோங்கில் இன்னும் குடும்பமாக உட்கார்ந்து வறுக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். ஈப்போ போகிறவர்களிடம் வாங்கிவரச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் இப்போது பூச்சோங்கில் இருக்கிறாள். அவள் வீட்டு உபசரிப்புக்கு வருகிறவர்களில் கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. தின்றால் மூச்சடைக்கும் அளவுக்கு ஒவ்வாமை. எங்கள் காலத்தில் கேள்விப்படாதது. அதனால் அவள் கச்சான் மேசையைத் தனியாக, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்து, மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுகிறாள். சரியான ஏற்பாடு. வருகிறவர் முகம் பார்த்துத்தானே இந்தப் பலகாரமே வந்தது. மாக்சிக் போலவே நெத்திலி சேர்த்தும் அவள் கொஞ்சம் செய்கிறாள். போன தீபாவளிக்கு முதல் நாள் போனில், “அம்மா, நெத்திலி போட்டதும் போடாததும் ஒரே போத்தல்ல வைக்கலாமா, இடம் பத்தல,” என்று கேட்டாள். கூடாது என்று சொன்னேன். நெத்திலி போடாதது சைவக்காரர்களுக்கு, மூடியில் கருவேப்பிலைக் கொத்து ஒட்டிய போத்தல். போட்டது சிவப்பு மூடி. கரண்டியும் வேறு வேறு.